பன்னிரண்டாவது கதிரை

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தாறு வருடமாக, இந்த வருடம் வரைக்கும், என் கால்களை வெளியார் ஒருவரும் பார்த்ததில்லை. பாலையூற்றிலிருந்து துறைமுகப் பக்கம் நான் வேலை செய்கிற கந்தோருக்குப் போகிற பஸ்ஸில், இந்த வெக்கையிலும் மூடின சப்பாத்தும் அதற்குள் மேஸும் போட்டுக்கொண்டு ஏறுகிற ஒரே பெண் நான்தான். கந்தோரில் என்னைப் பெருமைக்காரி என்பார்கள். முதுகுக்குப் பின்னால் வெள்ளைக்காரத்தி என்று ஒரு பட்டமும் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும். சேற்றுப்புண்காரி என்பதைவிட வெள்ளைக்காரத்தி எவ்வளவோ மேல்.

விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறிப் பிளக்கும். கடிக்கும், எரியும். வெயில் காலத்தில் உள்ளங்கால் முழுக்க மா பூசியதுபோல் காய்ந்து உதிரும். நகங்கள் தடித்து மஞ்சளாகும். ஆள் சாகிற வியாதி இல்லை. அதுதான் இதிலுள்ள கேடு. சாகிற வியாதி என்றால் நாலு பேர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வருவார்கள். இதற்கு யார் வருவார்? கூட வேலை செய்தவளின் மகளுக்குக் கோயிலில் கலியாணம். அவர்கள் சைவக்காரர், வாசலில் சப்பாத்தைக் கழற்ற வேண்டும். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல். அவளுடைய வீடு குடிபூரலுக்கும் காய்ச்சல். மூன்றாம் தரம் அவள் என்னைக் கேட்கவில்லை. நான் அவளோடு கோபித்துக்கொண்டேன். நியாயத்தைப் பாருங்கள்.

இந்த வருடம் தவக்காலம் தொடங்குகிற விபூதிப் புதன் கழிந்து வந்த ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது எங்கள் பங்குக் குருவானவர் என்னை மறித்தார். அவர் இங்கே மாறி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. எனக்கு ஒரு மகன் இருந்திருந்தால் அவரளவில் இருப்பான்.

"அன்ரி, பெரிய வியாழன் பாதம் கழுவுறதுக்கு இந்த முறை நாலு பொம்பிளையளையும் இருத்தப்போறன். உங்கட பேரையும் எழுதட்டே?"

"எனக்கு ஏலாது பாதர். முழங்கால் நோ."

"நீங்கள் கதிரையில இருக்கிறதுதானே அன்ரி. முழங்காலில நிக்கப்போறது நான்."

பிறகு சொல்லுகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினேன். நோப்பட்ட முழங்காலோடு அவ்வளவு வேகமாக ஓடியதை அவர் கட்டாயம் பார்த்திருப்பார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆண்டவர் தம் சீடர்கள் பன்னிரண்டு பேருக்கும் கால் கழுவியதை நினைத்து, பெரிய வியாழன் பின்னேரப் பூசையில் குருவானவர் பன்னிரண்டு பேரை முன்னால் இருத்தி, ஒவ்வொருவருடைய வலது காலையும் கழுவித் துடைத்து முத்தமிடுவார். எங்கள் பங்கில் அது எந்த நாளும் ஆம்பிளைகள்தான். கேட்கப்பட்டவர்கள் ஒரு கிழமைக்கு முன்பே நகம் வெட்டுவார்கள், குதிக்காலை உரஞ்சுவார்கள், அன்றைக்கு வாசனைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப் புது மேஸ் மாட்டிக்கொண்டு வருவார்கள். கழுவப்போகிற காலை எதற்கடா கழுவிக்கொண்டு வருகிறீர்கள் என்று அம்மா சிரிப்பா. ஊத்தைக் காலைக் குருவானவரிடம் நீட்டக் கூடாது என்பது எங்கள் ஆட்களுக்குப் பதினோராவது கட்டளை.

வீட்டுக்கு வந்து குசினியில் தனியே இருந்து யோசித்தேன். ஏன் பொய் சொல்ல வேண்டும், எனக்கு ஆசையாயிருந்தது. அப்பா செத்துப் பதினொரு வருடம். அதற்குப் பிறகு இன்னொரு மனிதக் கை என்மேல் பட்டது எப்போது என்று நினைத்துப் பார்த்தேன். பஸ்ஸில் இடிபடுவதைச் சேர்க்கக் கூடாது. அதைச் சேர்க்காவிட்டால் ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை. ஆனால் அந்தக் கதிரையை நினைத்ததும் அப்பாவும் கூடவே வந்துவிட்டார்.

அப்பாவுக்கு இறங்குதுறையில் வேலை. கப்பல் அணையும்போது மேலேயிருந்து எறிகிற வடத்தைப் பிடித்து இழுத்து இரும்புக் கட்டையில் மாட்ட வேண்டும். நாள் முழுக்க ரப்பர் சப்பாத்துக்குள் கடல் தண்ணீர். பின்னேரம் வாசற்படியில் இருந்து அதைக் கழற்றினால் ஒரு மணம் வரும், எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. அம்மா அவருடைய மேஸ்களைச் சுடுதண்ணீரில் ஊறவைத்துக் கையால் தோய்ப்பா. விரலிடுக்கில் வேப்பெண்ணெய் பூசிவிடுவா. முகத்தைச் சுளித்ததே இல்லை.

எனக்குப் பதினாறு வயதில், அப்போதிருந்த குருவானவர் அப்பாவைப் பெரிய வியாழனுக்குக் கேட்டார். அப்பாவுக்கு முகம் கொள்ளாத சந்தோசம். சாப்பிட இருக்கும்போது எங்களுக்குச் சொன்னார்.

"அந்தக் காலையோ?" என்றேன் நான். "அந்தக் காலைக் கொண்டுபோய் சுவாமியாற்ற கையில குடுக்கப்போறியளோ? அவர் முத்தம் வேற குடுக்கவேணும். பிறகு நான் பள்ளிக்கூடத்தில தலைகாட்ட ஏலாது."

"பொத்தடி வாயை," என்றா அம்மா.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். அடுத்த நாள் போய், அன்றைக்குக் கப்பல் வருகிறது, வேலை இருக்கிறது என்று சுவாமியாரிடம் சொல்லிவிட்டார். பெரிய வியாழன் ஒரு கப்பலும் வரவில்லை. அப்பா எங்களோடு கோயிலின் கடைசி வாங்குப் பலகையில் இருந்து, முன்னால் வேறு ஆட்களின் கால்களைக் கழுவுவதை எட்டி எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவரை ஒருவரும் கேட்கவில்லை.

தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும் என்பார்கள். இருபத்திரண்டு வயதில் எனக்கும் வந்தது. வந்தும் எனக்குத் தெரியவில்லை. அப்பாவிடமிருந்துதான் தொற்றியது என்று முடிவு கட்டினேன். ஒரே குளியலறை, ஒரே செருப்பு, வேறெங்கே போகும்? என் வாய்க்கு அவர்தான் அகப்பட்டார். "மற்றப் பெட்டையளுக்கு அப்பாமார் வீடும் வளவும் சீதனமாக் குடுக்கினம், நீங்கள் எனக்கு இதைத் தந்திருக்கிறியள்," என்று ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னேன். பேசி வந்த கலியாணம் ஒன்றை நானே வேண்டாமென்றதும் அந்த வருடம்தான். முன்பின் தெரியாத ஒருவனுக்கு முன்னால் காலைக் காட்டி நிற்க என்னால் ஏலாது. அந்தக் கோபத்தையும் அப்பாவின் தலையிலேயே போட்டேன்.

அம்மா கண்மூடின பிறகு வீட்டில் நானும் அப்பாவும்தான். அவருக்குச் செருப்பு வேறு, வாளி வேறு, துவாய் வேறு, பாய் வேறு என்று நான் பிறிம்பாக்கினேன். நிலத்தை ஒவ்வொரு நாளும் கிருமிநாசினி விட்டுத் துடைத்தேன். அப்பா சாகும்வரை ஒன்பது வருடம் அப்படியே போயிற்று.

ஒருநாள் கந்தோரில் அரைநாள் லீவு போட்டுவிட்டு மத்தியானம் வந்தேன். முன்கதவு திறந்திருந்தது. அப்பா தன் அறையிலிருந்து குளியலறைக்குப் போய்க்கொண்டிருந்தார். கையில் பழைய பேப்பர்த் தாள்கள். ஒரு தாளை விரித்து அதில் கால் வைப்பார், அடுத்ததை முன்னால் விரிப்பார், அதில் ஏறி நின்று குனிந்து பின்னால் கிடப்பதை எடுப்பார். எழுபது தாண்டிய மனுசன். என்னைக் கண்டதும் களவு பிடிபட்ட மாதிரி நின்றார்.

"நீ நிலம் துடைச்சனியெல்லே பிள்ளை," என்றார்.

வேண்டாம் அப்பா, நிலத்தில் நடவுங்கோ என்று சொல்ல எனக்கு வாய் இருந்தது. நான் சொன்னது இதுதான்: "அந்தப் பேப்பரைக் குப்பையில போடுங்கோ. மேசையில வைக்காதேங்கோ."

இதையெல்லாம் நினைத்துக்கொண்டுதான், பாதரிடம் ஏலாது என்று சொல்வதா ஓம் என்று சொல்வதா தெரியாமல், அந்தக் கிழமையே நகரத்தில் ஒரு தோல் டொக்டரிடம் போனேன். பெரிய வியாழனுக்கு ஐந்து கிழமைக்குக் கொஞ்சம் கூட இருந்தது. அதற்குள் கால் சுகம் வந்தால் கதிரை, வராவிட்டால் கடைசி வாங்கு. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான். இருந்தாலும் போனேன்.

டொக்டர் ஒரு பெண். என் மேஸைக் கழற்றச் சொல்லிவிட்டு, உதிர்ந்த தோலைக் கத்தி முனையால் சுரண்டி ஒரு கண்ணாடித் துண்டில் எடுத்தா. நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது பங்கஸ்தான், பூஞ்சணம். எத்தினை வருசமா இருக்கு?"

"முப்பத்தாறு."

அவ நிமிர்ந்து பார்த்தா. "இவ்வளவு நாளும் என்ன பூசினனீங்கள்?"

கைப்பையிலிருந்து பாமசிக் கிறீமை எடுத்துக் காட்டினேன். பூசினால் மூன்று நாளில் கடி நிற்கும், சிவப்பு அடங்கும். ஒரு மாதத்தில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும்.

"இதில கடி அடக்குற மருந்தும் கலந்திருக்கு. அது மேலால அமத்திப்போடும், பங்கஸ் அடியில சந்தோசமா வளரும். இனி இதைத் தொடாதேங்கோ. வீட்டில வேற ஆருக்கும் இருந்ததோ?"

"அப்பாவுக்கு. அவரிட்டையிருந்துதான் எனக்குத் தொத்தினது."

"அம்மாவுக்கு?"

"இல்லை. ஒருநாளும் இல்லை."

"அம்மா அவரோட எத்தினை வருசம் இருந்தவ?"

"நாப்பது வருசம். அவற்ற மேஸ் எல்லாம் கையாலதான் தோய்ச்சவ," என்றேன்.

டொக்டர் தன்பாட்டில் எழுதிக்கொண்டே சொன்னா. "இந்தக் கிருமி கனபேற்ற காலில படுறதுதான். குளிக்கிற இடம், கிணத்தடி, விடுதி, எங்கயும் கிடக்கும். கன பேற்ற தோல் அதைத் துரத்திப்போடும். சில ஆக்களுக்குத் துரத்துற பலம் பிறப்பில குறைவு. அது குடும்பத்தில வாறது. நூற்றுக்கு நூறு இதுதான் எண்டு சொல்ல ஏலாது, ஆனா உங்கட வீட்டுக் கதையைப் பாத்தா அப்பிடித்தான் இருக்கு. மூக்கு, முழி வாற மாதிரி இந்தத் தோலும் அப்பாவிட்டையிருந்து வந்திருக்கு. அவரிலயும் பிழையில்லை, உங்களிலயும் பிழையில்லை."

"அப்ப நான் அவற்ற செருப்பு, வாளி எல்லாம் பிறிம்பா வைச்சது?"

"அதில பிழையில்லை, தொத்துறதுதானே. உங்களுக்கு வந்து எத்தினை வருசத்துக்குப் பிறகு பிறிம்பாக்கினனீங்கள்?"

நான் மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். "பதினாறு."

அவ எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. எனக்கு வந்து பதினாறு வருடம் கழித்து, எனக்கு வந்துவிடும் என்று அவரை ஒதுக்கியிருக்கிறேன். எந்த விசரிக்கும் இப்படி ஒரு யோசனை வராது.

மருந்து முறையைச் சொல்லித் தந்தா. கிறீம் காலையும் மாலையும். தோல் முழுக்கச் சுகம் வந்த பிறகும் இரண்டு கிழமை விடாமல் பூச வேண்டும். எல்லாரும் கண்ணுக்குச் சுகமானதும் விடுவதுதான் பிழை. விரலிடுக்கு ஈரமாக இருக்கக் கூடாது. மேஸ் ஒவ்வொரு நாளும் மாற்ற வேண்டும். பழைய சப்பாத்தை எறிய வேண்டும். நகத்துக்குக் குளிசை, அதுவும் ஈரல் நல்லாயிருக்கிறதா என்று இரத்தம் பார்த்த பிறகு. நகம் முழுக்க வளர்ந்து மாற ஒரு வருடம்கூட ஆகலாம். சீனி வியாதி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னா. நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினேன். பஸ்ஸில் யன்னல் பக்கம் திரும்பி இருந்து பாலையூற்று வரும்வரை அழுதேன். பக்கத்திலிருந்தவ கொஞ்சம் தள்ளி இருந்தா.

தன் உள்ளங்காலைத் தான் பார்ப்பது எவ்வளவு கஷ்டம் என்று இன்னொரு ஆள் இருக்கிற வீட்டில் தெரியாது. எனக்கு அவ்வளவு வளைய ஏலாது. முகம் பார்க்கிற கண்ணாடியை நிலத்தில் வைத்து, அதற்கு மேலே காலைப் பிடித்துக்கொண்டு பார்த்துப் பார்த்துப் பூசினேன். அம்மா இருந்தால் மடியில் தூக்கி வைத்துப் பூசியிருப்பா. அப்பாவுக்கு அம்மாவுக்குப் பிறகு யார் பூசியிருப்பார்? கண்ணாடிகூட அவருடைய அறையில் இருக்கவில்லை. ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்வியோடுதான் கிறீமின் மூடியைத் திறந்தேன். பாதரிடம் ஓம் என்று சொல்லியிருந்தேன்.

நாலாவது கிழமை முடிய விரலிடுக்கு மூடிவிட்டது. உள்ளங்கால் உதிரவில்லை. எனக்கே என் கால் பிடித்துப்போயிற்று. அதோடு நின்றிருக்கலாம். பெரிய கிழமை திங்கள், மஞ்சள் நகங்களையும் குதிக்காலையும் பார்த்தேன். இதையா நீட்டப்போகிறாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. பதினாறு வயதில் என் வாயிலிருந்து வந்த அதே குரல். உடனே சுடுதண்ணீரில் கிருமிநாசினியை ஊற்றிக் காலை அமிழ்த்தி, கல்லால் உரஞ்சு உரஞ்சென்று உரஞ்சினேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. செவ்வாய் காலை பார்த்தால் தோல் சிவந்து கசிந்தது, இரண்டு இடத்தில் பிளந்தும் இருந்தது. ஐந்து கிழமையாகக் கட்டியதை அரை மணித்தியாலத்தில் இடித்துவிட்டேன்.

புதன் பின்னேரம் கோயிலுக்குப் போனேன். பாதர் தனியாகக் கதிரைகளை இழுத்து வரிசை வைத்துக்கொண்டிருந்தார்.

"பாதர், என்ர பேரை வெட்டுங்கோ."

"ஏன் அன்ரி, முழங்காலோ?"

"முழங்கால் பொய். எனக்குக் காலில சேத்துப்புண். முப்பத்தாறு வருசமா இருக்கு. தொத்தும்."

சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் டொக்டரைத் தவிர வெளியார் ஒருவருக்குச் சொன்னது அன்றைக்குத்தான். அவர் ஏதாவது பிரசங்கம் வைப்பார், நான் கோபித்துக்கொண்டு போய்விடலாம் என்று நின்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"தொத்துமெண்டா நான் என்ன செய்யவேணும் அன்ரி?"

நான் கந்தோரில் கடிதம் சொல்வதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னேன். "என்னைக் கடைசிக் கதிரையில இருத்துங்கோ. தண்ணியை மேலால ஊத்துங்கோ, மற்ற ஆக்களின்ர தண்ணிக்குள்ள என்ர காலை வைக்கக்கூடாது. துவாய் நான் கொண்டு வாறன். முத்தம் வேண்டாம். முடிய உங்கட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கோ."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"அப்ப பன்னிரண்டாவது கதிரை உங்கட," என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கதிரையை இழுக்கப் போனார்.

பேரை வெட்டப் போனவள் கதிரையை உறுதிப்படுத்திக்கொண்டு திரும்பி வந்தேன். வருகிற வழியெல்லாம் அப்பாவின் நினைவுதான். அப்பாவுக்கும் நான் வேறு துவாய்தான் வைத்தேன், வேறு வாளிதான் வைத்தேன். ஆனால் ஒருநாளும் அவருடைய காலைத் தொட்டதில்லை. வேறு துவாயால் துடைத்துவிட்டிருக்கலாம். சவுக்காரம் போட்டுக் கை கழுவியிருக்கலாம். இரண்டு நிமிட வேலை.

பெரிய வியாழன் அன்றைக்கு அலுமாரியின் அடித்தட்டிலிருந்து அப்பாவின் நீலக் கோடு போட்ட துவாயை எடுத்தேன். கொதிதண்ணீரில் தோய்த்து வெயிலில் காயவிட்டு, மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனேன். காலைக் கழுவவில்லை.

பன்னிரண்டு கதிரை. பதினொரு காலும் பளபளத்தன. நான் குனிந்து வலது சப்பாத்தைக் கழற்றினேன், பிறகு மேஸை. கோயில் முழுக்க ஆட்கள். கந்தோரில் என்னை வெள்ளைக்காரத்தி என்கிறவர்களில் ஒருத்தியும் மூன்றாவது வாங்கில் இருந்தாள். பார்த்தாளா இல்லையா தெரியாது. நான் நிமிரவே இல்லை.

பாதர் முன்னால் வந்து முழங்காலில் நின்றார். குதிக்காலை ஒரு கையில் தாங்கிக்கொண்டு செம்பிலிருந்து தண்ணீரை மெல்ல ஊற்றினார். பிளந்த இடம் எரிந்தது. என்னிடமிருந்து துவாயை வாங்கித் துடைத்தார். ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை. இன்னொருவருடைய கையில் இருக்கிற என் காலை அன்றைக்குத்தான் நான் மேலிருந்து பார்த்தேன். பெருவிரலைவிட நீண்ட இரண்டாம் விரல். உள்ளுக்கு வளைந்த சுண்டுவிரல். தடித்த மஞ்சள் நகம். வாசற்படியில் இருந்து ரப்பர் சப்பாத்தைக் கழற்றும்போது வெளியே வருகிற கால்.

"அப்பான்ர கால்," என்றேன். வாய்க்குள் சொல்வதாக நினைத்தேன், சத்தம் வந்துவிட்டது.

பாதர் நிமிர்ந்தார். "என்ன அன்ரி?"

"இது என்ர அப்பான்ர கால், பாதர். இன்னொருக்காக் கழுவிவிடுங்கோ."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு, செம்பை எடுத்து மறுபடியும் ஊற்றினார்.